பதினான்காம் வாரத்தில் நுழைந்தவள்

திருவெறும்பூரில் ஏறியதுமே ஜன்னலோர இடம் கிடைத்துவிட்டது. இன்றைக்கு எல்லாம் எனக்குச் சாதகமாகத்தான் நடக்கும் என்று காலையில் கண் விழித்தபோதே தெரியும், நான் அப்படித்தான், ஒரு நாளின் முகத்தைப் பார்த்தாலே அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்லிவிடுவேன், நாளை மட்டும் இல்லை ஆளையும்தான். மடியில் புத்தகம் கனக்கிறது. சிவப்புக் காலிகோத் துணி முதுகு, கெட்டி அட்டை, அட்டையின் உள்பக்கத்தில் மங்கையர்க்கரசி என்று என் பெயர், கல்யாணத்துக்கு முந்தைய என் கையெழுத்து, எவ்வளவு குண்டு குண்டாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாள் ஏதோ சாமி புத்தகம் என்று நினைத்து, கூடை இடித்துவிடாமல் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள். சாமி புத்தகம் இல்லை அம்மா, நாவல், ‘மதகடித் தெரு’, உங்கள் பாட்டன் காலத்தில் எழுதியது, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது, நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன், இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் முதல் ஆளாக எழுந்து இதைப் பற்றிப் பேசப் போகிறேன். இதை எல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல ஆசையாகத்தான் இருந்தது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அவள் கேட்கவில்லை, கண்டக்டரிடம் மார்க்கெட்டுக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

நாற்பத்தேழு வயதில் எம்.ஏ. எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. பிரமோஷனா என்று மேனேஜர் கேட்டார். ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்கு எம்.ஏ. படித்தால் என்ன பிரமோஷன், பனாரஸ் பட்டுக்கு மாற்றுவார்களா. முதல் நாள் வகுப்புக்குள் நான் நுழைந்தபோது அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்றார்கள். என்னை மேடம் என்று நினைத்துவிட்டார்கள். நான் உட்காருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு மூன்றாவது பெஞ்சில் போய் அவர்களோடு உட்கார்ந்தேன். அந்த நிமிஷம் அவர்கள் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, நிற்கிற தோரணை அப்படி. கடையிலும் அதுதான். வெள்ளை விரிப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் கிடப்பதைப் பார்த்து ஆளை எடை போடுவது கற்றுக்குட்டிகள் வேலை, நான் கையைப் பார்ப்பேன். வாங்குகிற கை முந்தானைக்குப் போகாது, புடவையின் உடம்பைத் தடவிப் பார்க்கும். பொழுதுபோக்க வந்த கை நேராக ஜரிகைக்குப் போகும். யார் வீட்டில் கல்யாணம், யார் மாமியாருக்குப் பயந்து நிறம் பார்க்கிறாள், எந்த மாப்பிள்ளைக்கு இந்தக் கல்யாணத்தில் இஷ்டமில்லை, எல்லாம் முதல் புடவையைப் பிரிப்பதற்குள் சொல்லிவிடுவேன், கூட நிற்கிற பிள்ளைகள் அரசிக்கா சொன்னால் சொன்னதுதான் என்பார்கள். தப்பியதே இல்லை என்றால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள். பீற்றிக்கொள்வதாகவே இருக்கட்டும், தப்பியதில்லை.

அதனால்தான் இரண்டு வாரத்துக்கு முந்தைய வகுப்பில் அகஸ்டின் சார் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கை தானாக மேலே போயிற்று. “கதைச் சுருக்கம் யாரும் சொல்ல வேண்டாம், நோட்ஸ்ல இருக்கறத ஒப்பிக்கவும் வேண்டாம். மொத பத்து அத்தியாயம் படிச்சிட்டு வாங்க. ஆளுங்களும் ஊரும் உங்க மனசுல மொதல்ல எப்படி வந்து நின்னாங்க, அத மட்டும் சொன்னா போதும். யாரு சொல்றீங்க?” என்றார். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதல் பார்வையில் ஆள் எப்படி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதானே, நான் தினம் செய்கிற வேலை. “நான் சொல்றேன் சார்” என்றேன். புஸ்தகம் நூலகத்தில் ரெண்டே பிரதிதான் இருக்கு என்றார். “எங்கிட்ட சொந்தமா இருக்கு சார்” என்று சொன்னபோது குரலில் எவ்வளவு மிதப்பு, எனக்கே கேட்டது. பிறகு ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தினம் ஒரு அத்தியாயம் என்று பத்தும் படித்தாயிற்று. என்னவெல்லாம் பேசுவது என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருக்கிறேன். முதலில் ஊர். வறண்ட ஊர். வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது, மதகுப் பலகையில் கறையான், தெருவில் புழுதி, ஆடு நக்குவதற்குக்கூட ஈரம் இல்லை, இது தாகத்தைப் பற்றிய நாவல் என்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடுகிறது என்று சொல்ல வேண்டும். அப்புறம் முதல் வரி. ‘குடத்தை வாசலில் வைத்துவிட்டுப் பெரியவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.’ யார் பெரியவர், யார் வாசல், என்ன குடம், ஒன்றும் கிடையாது, ஒரு ஊரில் ஒரு ராஜா என்கிற கதையே இல்லை, அந்தக் காலத்தில் இப்படித் தொடங்க எவ்வளவு துணிச்சல் வேண்டும், இதைச் சொல்லும்போது சார் முகம் மலரும்.

அப்புறம் பெரியவர். எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிற அந்தக் கங்காதரம். தெருக்கோடியில் பெரிய வீடு, வேலைக்கு ஆள் இருக்கிறது, இருந்தும் விடியற்காலையில் தன் வீட்டுக் கிணற்றில் தானே இறைத்து, தானே தோளில் தூக்கி, தெருவின் மறுகோடியில் ஒரு சாய்ப்புக் குடிசை வாசலில் கொண்டுபோய் வைக்கிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்தச் சாய்ப்பில் தனியாக இருக்கிற சொர்ணம் கதவைத் திறந்துகொண்டு வருகிறாள், குடத்தைப் பார்க்கிறாள், எடுத்துப் புழுதியில் கொட்டுகிறாள், வெறும் குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பக்கத்து ஊர்க் குளத்துக்குத் தன் குடத்தோடு நடக்கிறாள். மறுநாளும் அவர் வைக்கிறார். மறுநாளும் அவள் கொட்டுகிறாள். பத்து அத்தியாயத்திலும் இது நடக்கிறது. படித்த ராத்திரி எனக்கு அப்படியொரு கோபம். தண்ணீரைக் கொட்டினாளே. ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்போது கொட்டினாளே. எங்கள் தெருவில் லாரி வருகிற அன்றைக்கு ஒரு குடம் தண்ணீருக்காக நான் யாரோடெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன், அடுத்த வீட்டு லூர்துவோடு ஒரு கோடை முழுக்கப் பேச்சு இல்லை, இவள் என்னடாவென்றால் வாசலில் வந்த தண்ணீரைக் கொட்டுகிறாள். கதைக்குப் படம் போட்ட ஓவியர் வேறு அவளுக்கு மூக்கைக் கூராகப் போட்டு, முகவாயைத் தூக்கி வைத்து வரைந்திருக்கிறார். திமிர் பிடித்தவள். பார்த்ததும் எனக்கு வந்த சொல் அதுதான். அந்த மனுஷனைப் பார்த்தால் பாவமாக இருந்தது. வயசான காலத்தில் குடம் தூக்கித் தோள் கன்றிப்போயிருக்கிறது என்று ஒரு வரி வருகிறது, அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இது காதல்தான், வேறு என்ன, வெளியே சொல்ல முடியாத காதல், ஏதோ ஒரு வயசில் இரண்டு பேருக்கும் இருந்து கைகூடாமல் போயிருக்கிறது, அதைத்தான் ஆசிரியர் மறைத்து மறைத்து வைக்கிறார். இதை வகுப்பில் எப்படிச் சொல்வது என்று மட்டும் யோசித்து, கண்ணியமாக, ‘சொல்லாத அன்பு’ என்று ஒரு பிரயோகம் பிடித்து வைத்திருக்கிறேன்.

காலையில் புடவை மடிப்பு வைத்துக்கொண்டே கண்ணாடி முன்னால் இதைச் சொல்லிப் பார்த்தபோது இவர் ஷேவ் பண்ணிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். “யாரு யாரக் காதலிக்கறாங்க?” என்றார். நாவலில் என்றேன். “அதானே பார்த்தேன்” என்று கன்னத்தைத் திருப்பிக்கொண்டார். லேத் பட்டறைச் சத்தத்திலேயே இத்தனை வருஷம் நின்று இவருக்கு எதையும் சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும், நான் சொல்லாத அன்பைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். “அங்க போயி எல்லாப் பேரும் பார்க்கறாங்கன்னு வேகமா பேசிடாத. கடையில பேசற மாதிரி பேசு. அது நல்லா இருக்கும்” என்றார். அவர் கடைக்கு வந்து நான் பேசுவதைப் பார்த்ததே இல்லை என்று நினைத்திருந்தேன். எப்போது வந்தார், எங்கே நின்று பார்த்தார், கேட்பதற்குள் பஸ்ஸின் சத்தம் கேட்டது. இப்போது டிக்கெட்டை விரலில் சுருட்டிச் சுருட்டி நூலாக்கிவிட்டேன். பயமா, எனக்கா. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறேன், அவர்கள் எல்லாம் புடவையைப் பார்ப்பார்கள், இங்கே என்னைப் பார்ப்பார்கள், அதுதான் வித்தியாசம். இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள், கடகடவென்று படித்துவிட்டு வருபவர்கள், இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்ளப் போகிறார்கள், அதை நினைத்துத்தானே பத்து நாளாக நான் தரையில் கால் பாவாமல் திரிகிறேன்.

காட்டூரில் பஸ் வெகுநேரம் நின்றது. நான் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தேன். இந்தப் பைண்டிங்கை யார் வீட்டிலும் பார்க்க முடியாது. பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த காலம், ‘மதகடித் தெரு’வை ஒரு வாரப் பத்திரிகை மறுபடியும் தொடராகப் போட்டது, எங்கள் தெரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்த மாமா கிளினிக்கில் நைந்துபோன பத்திரிகைகளை மாதத்துக்கு ஒருதரம் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார், முன்னும் பின்னுமாக வரும், விட்டுப்போனது பிறகு வரும். வாராவாரம் கொஞ்சமாகப் படித்துவிட்டுத் தவிப்பது எனக்குப் பிடிக்காது, எல்லாம் சேரட்டும், புத்தகமாக்கி ஒரே மூச்சில் படிக்கலாம் என்று வைராக்கியமாகப் படிக்காமல் இருந்தேன். கத்தரித்த அழகைப் பார்க்க வேண்டுமே. நகைக்கடை விளம்பரம், தைல விளம்பரம், எதையும் விட்டுவைக்கவில்லை. மேலே எத்தனையாவது வாரம் என்று போட்டிருந்த பட்டையும் முன்கதைச் சுருக்கம் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்ததும் புத்தகத்துக்கு அசிங்கமாக இருக்கும் என்று அதையும் நறுக்கி எறிந்தேன். முன்கதைச் சுருக்கம் படிக்கிறவள் நான் இல்லை, அது வாரத்துக்கு ஒருதரம் மறந்துபோகிறவர்களுக்கு. இரண்டு கட்டாகக் கட்டி, பெரிய கடைவீதிச் சந்தில் இருந்த பைண்டரிடம் கொடுத்தேன். பைண்டு ஆகி வந்த மாதமே கல்யாணம். புத்தகம் பெட்டிக்குள் போனது, பெட்டி பரணுக்குப் போனது, நான் சமையலறைக்குப் போய் அங்கிருந்து கடைக்குப் போனேன், கடைக்குப் போன பிறகுதான் அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன். போன மாதம் பாடத்திட்டத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும் அன்றைக்கே பரணில் ஏறிவிட்டேன், இவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

அரியமங்கலத்தில் ஷமீமா ஏறினாள். என் பெஞ்சுக்காரி, வகுப்பிலேயே கெட்டி அவள்தான், நான் அன்றைக்குக் கை தூக்கியதும் இறங்கிய கை அவளுடையது என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் கூட்டத்தில் நுழைந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, ரெடியா? எனக்கு உங்களவிட படபடன்னு இருக்கு” என்றாள். படிச்சிட்டியா என்று கேட்டேன். “படிச்சேன்க்கா. அந்தக் கிணத்துக்குச் சங்கிலி போடற எடம் இருக்குல்ல, அத படிச்சிட்டு சாப்பிடவே முடியல. எங்க அத்தாகிட்ட சொன்னேன், அவங்களும் தட்டத் தள்ளி வச்சிட்டாங்க.” நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எந்தக் கிணறு, என்ன சங்கிலி. பெரியவர் வீட்டுக் கிணறா, அதில் சங்கிலி ஏது. “சொர்ணத்த நெனச்சா பாவமா இருக்குக்கா. அந்தப் பையன் வேற. சொந்தத் தம்பி பொண்டாட்டின்னுகூட பார்க்காம அந்த ஆளு எப்படித்தான் செஞ்சானோ. நீங்க அவனக் கிழிகிழின்னு கிழிக்கப் போறீங்கன்னு எனக்குத் தெரியும்” என்றாள். தம்பி பெண்டாட்டி. சொர்ணம் கங்காதரத்தின் தம்பி பெண்டாட்டி. நான் கண்ணாடி முன்னால் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேனே, சொல்லாத அன்பு என்று. “எத்தனாவது அத்தியாயம் அது?” என்று சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். “ஆறுக்கா” என்றாள். ஆறாவது அத்தியாயத்தில் கொத்தன் ஒருவன் மதகைப் பழுதுபார்க்க வருகிறான், அவ்வளவுதான், எனக்குத் தெரியும், இரண்டுதரம் படித்திருக்கிறேன்.

புத்தகத்தைப் பிரித்தேன். ஷமீமா குனிந்து பார்த்தாள், மறைக்க முடியவில்லை. நடுவில், தடிமனில் சரிபாதி தாண்டி, ஒரு முழுப் பக்கப் படம். மாலை போட்ட ஒரு வாசல், வாய்க்காலில் குதிக்கிற பையன்கள், மேலே கொட்டை எழுத்தில் மதகடித் தெரு, ஓரத்தில் ‘இந்த இதழில் ஆரம்பம்’. இதை நான் நறுக்கவில்லை, படம் அழகாக இருந்ததால் விட்டுவைத்திருக்கிறேன். கீழே, ‘அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று’. இரண்டாவது கட்டை முதலில் வைத்துத் தைத்துவிட்டான் பைண்டர். அவனைச் சொல்லி என்ன செய்வது, எது முதல் எது பின் என்று காட்டுகிற அத்தனையையும் கத்தரித்து எறிந்துவிட்டல்லவா கொடுத்தேன். “அக்கா, இது தலைகீழா இருக்கு. மொதல் அத்தியாயம் இங்க இருக்கு. அப்ப நீங்க படிச்சது...” என்று அவள் பின்பக்கம் புரட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டாள், “பதினாலாவது வாரத்துல இருந்துக்கா.” சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, வாயைப் பொத்திக்கொண்டாள், நல்ல பிள்ளை. பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்லக்கா, நான் வேணா மொதல்ல பேசறேன். நீங்க கடைசி பெஞ்சுல ஒக்காந்து படிச்சிருங்க, அடுத்த வாரம் பேசிக்கலாம். சார்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றாள். ஆறாவது அத்தியாயத்தைத் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தேன், உண்மையான ஆறாவதை.

பால்பண்ணையில் பஸ் திரும்பியது, காய்கறிக்கூடை என் முழங்காலில் சாய்ந்தது, எதுவும் உறைக்கவில்லை. தம்பி செத்துப் பதினாறு முடிந்த மறுநாள். வீட்டில் பாதி சொர்ணத்துக்கு வரும், அவள் தானாகக் கிளம்பிப் போனால் வராது. கங்காதரம் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை, கிணற்றுக்கு மரமூடி செய்யச் சொல்லி, மேலே சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். வாய்க்கால் கரைபுரண்டு ஓடுகிற ஊரில் ஒரு வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் இல்லை. சொர்ணம் ஒருவரிடமும் சொல்லவில்லை, வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து காய்ச்சிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் அவள் பையனுக்குத் தாகம் பொறுக்கவில்லை, ஓடிப்போய் வாய்க்காலில் கைநிறைய அள்ளிக் குடித்தான், அது காலரா ஊருக்குள் வந்த வாரம். நான்கே பக்கம். காலராவில் பையன் போய்ச் சேர்ந்தபிறகு கங்காதரம் தானே வந்து சங்கிலியைக் கழற்றிக் கிணற்றுக்குள் போடுகிற சத்தத்தோடு அத்தியாயம் முடிகிறது. மார்க்கெட் வந்துவிட்டது, வாழையிலைக் கட்டுகளின் பச்சை வாசனையும் கருவாட்டு வாசனையும் ஜன்னல் வழியே ஒன்றாக வந்தன, கூடைக்கார அம்மாள் இறங்கிப்போனாள், ஷமீமா அந்த இடத்தில் உட்கார்ந்து என் தோளோடு ஒட்டிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டேன், துடைத்ததை அவள் பார்த்தாள், பார்த்தால் என்ன. அந்தத் தண்ணீரைத்தானா கொட்டினாள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தானா. நான் அவளை என்ன சொன்னேன்.

இப்போது என்ன செய்வது. ஷமீமா சொன்னதுபோல அவளை முதலில் பேசவிடலாம். அல்லது அவள் சொன்னதையே நான் சொல்லலாம், சொர்ணம் பாவம், கங்காதரம் படுபாவி, தண்ணீர் நிறைந்த ஊர், எல்லாவற்றையும் இந்தப் பிள்ளை பஸ்ஸிலேயே கையில் கொடுத்துவிட்டாள், நானும் எடுத்துக் கட்டி விரித்துக் காட்டிவிடுவேன், எனக்கே பிடிக்காத நிறத்தை எத்தனை பேருக்கு எடுப்பாக இருக்கிறது என்று சொல்லி விற்றிருக்கிறேன். ஆனால் சார் கேட்டது அது இல்லையே, உங்கள் மனசில் முதலில் எப்படி வந்து நின்றார்கள் என்றல்லவா கேட்டார். என் மனசில் அந்த ஆள் தோள் கன்றிப்போய் நின்றான். அதை எங்கே கொண்டு வைப்பது. அவன் பூட்டினான் என்று தெரிந்தபிறகும் விடியற்காலை இருட்டில் அவன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவது எனக்கு அழியவில்லை, அழித்துப் பார்க்கிறேன், வருகிறான். வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் அவனைப் பூட்டுப் போடும்போது முதலில் பார்த்தார்கள், பிறகு அவன் என்ன தூக்கினாலும் அவர்களுக்கு அந்தச் சங்கிலிதான் தெரியும். எனக்கு மட்டும்தான் அவனை வேறு மாதிரிப் பார்க்கக் கிடைத்தது. யார் தன் முதல் அத்தியாயத்தோடு கடைக்கு வருகிறார்கள். அந்த வெள்ளை விரிப்பில் ஏறி உட்காருகிற ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு வாரத்தின் நடுவில் இருந்துதான் வருகிறாள், முன்கதை நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை, இருந்தும் என் கண் தப்பியதில்லை என்கிறேன். தப்பியிருக்குமோ. யாரையாவது இப்படிப் பாதியில் பார்த்துவிட்டுத் திமிர் என்று ஒதுக்கியிருப்பேனோ. மெயின்கார்டு கேட் வளைவுக்குள் பஸ் நுழைந்தது, ஒரு நிமிஷம் நிழல், மறுபடி வெயில்.

திமிர். அந்தச் சொல்லிலேயே மனசு மாட்டிக்கொண்டு நின்றது. சொர்ணத்துக்கு இருந்தது திமிர்தான். இந்தப் பிள்ளைகள் பாவம் பாவம் என்கிறார்களே, நான்கு பக்கம் படித்த எனக்கும் கண் கலங்கியதே, ஆனால் அவளைப் பார்த்து பாவம் என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் அழுதுகொண்டு கொட்டவில்லை. ஊரைக் கூட்டி நியாயம் கேட்கவில்லை. நாக்கு ஒட்டிக்கொள்கிற கோடையில், வாசலுக்கு வந்த தண்ணீரை எடுத்து, அவசரமே இல்லாமல் கொட்டி, குடத்தைச் சுத்தமாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்து ஊருக்கு நடந்தாள். அவளைப் பார்த்ததும் நான் சொன்ன சொல் சரியான சொல், அதைத் திட்டாகச் சொன்னதுதான் என் தப்பு. என்னைக்கூட அப்படித்தான் சொல்கிறார்கள், அந்த அரசிக்குத் திமிர் என்று மேனேஜர் சொன்னது என் காதுக்கே வந்தது, இந்த வயசில் படிக்கக் கிளம்பிவிட்டாளே என்று லூர்து சொன்னதும் அதே அர்த்தத்தில்தான். சொல்லட்டும். இல்லாவிட்டால் நாள் முழுக்க நின்று களைத்த காலோடு ராத்திரி உட்கார்ந்து யார் படிப்பார்கள். ஆகவே நான் யாரையும் கிழிகிழி என்று கிழிக்கப் போவதில்லை, என் கண்ணில் பட்டதை வாபஸ் வாங்கவும் போவதில்லை. “ஷமீமா, நான்தான் மொதல்ல பேசறேன்” என்றேன். “இத வச்சுக்கிட்டாக்கா?” என்றாள். “இத வச்சுக்கிட்டுத்தான்” என்றேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அவள் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கித் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் நசுங்கிவிடும் என்று.

கல்லூரி வரைக்கும் நடந்தது எனக்கு நினைவில்லை. வாசலில் மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தது, மாடிப்படியில் யாரோ வணக்கம் சொன்னார்கள், பெஞ்சில் உட்கார்ந்ததும் ஷமீமாவிடமிருந்து புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அகஸ்டின் சார் வந்து வருகைப் பதிவை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். எழுந்து நின்றேன். முன்னால் வரச் சொன்னார், போனேன். அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. புடவை இல்லை, நடுவில் எதுவுமே இல்லை, நான்தான். ஷமீமா இரண்டு கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள், அவள் பேசப் போகிறவள் மாதிரி. இவர் வாசலில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. கடையில் பேசற மாதிரி பேசு.

“நாவலோட மொத வரியில இருந்தே ஆரம்பிக்கலாமேம்மா. அந்த வாய்க்கால் வரி. அதுல ஊரு எப்படித் தெரியுது உங்களுக்கு?” என்றார் சார்.

“மொத வரி எனக்கு இன்னைக்குக் காலையில பஸ்லதான் சார் கெடச்சுது” என்றேன். பின் பெஞ்சில் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன், எனக்கு அவசரமில்லை. சார் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றினார். “எம் புஸ்தகத்துல பைண்டிங் மாறிப்போச்சு. பதினாலாவது வாரத்துல இருந்து படிச்சேன். அவரு என்ன பண்ணாருன்னு தெரியாமலே அவரு கொடம் தூக்கறதப் பார்த்தேன். அவளுக்கு என்ன பண்ணாங்கன்னு தெரியாமலே அவ கொட்டறதப் பார்த்தேன். இந்த வகுப்புல அவங்க ரெண்டு பேரையும் அப்படிப் பார்த்தவ நான் ஒருத்திதான்.” சிரிப்பு நின்றுவிட்டது. என் குரல் எங்கேயும் நடுங்கவில்லை, அது எனக்கே ஆச்சரியமாகவும் ஆனந்தமாகவும் இருந்தது. சார் இன்னும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“ஒக்காருங்க சார், சொல்றேன்” என்றேன்.